மாசிலாமணி போகாத இடம்

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது என்று ஆரம்பித்தால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். அதனால் இப்படி ஆரம்பிக்கிறேன். ஒரு காட்டில் ஒரு நரி புதிதாகக் குடிவந்தது. பெயர் மாசிலாமணி. கூடவே மனைவி செண்பகவடிவு, நிறைமாசக்காரி. மேற்கு மலையடிவாரத்தில் ஒரு பெரிய பாறைக்குக் கீழே இருந்த பொந்தில் இரண்டு பேரும் சாமான் இறக்கினார்கள். சாமான் என்ன பெரிய சாமான், படுத்துக்கொள்ள ஒரு பழைய சாக்கு.

அதற்கு முன்னால் மாசிலாமணி ஆறு வருடம் டவுனில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்தவர். அங்கே அவருக்கு நல்ல பேர். முகூர்த்தத்துக்கு முந்தின நாளே போய், எச்சில் இலையை எங்கே கொட்டுவார்கள், எந்தச் சந்து வழியாக நாய் வரும், எத்தனை பந்தி ஓடும் என்று மோந்து மோந்து பார்ப்பார். பார்த்த இடத்தில் காலைத் தூக்கி ஒரு சொட்டு விட்டு அடையாளம் வைப்பார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிக்கிறோமே, அந்த மாதிரி. மறுநாள் இலை அதே இடத்தில் வந்து விழும். ஆறு வருடத்தில் ஒருநாள்கூடத் தப்பியதில்லை. முன்கூட்டியே போய்ப் பார்ப்பது, பார்த்த இடம் பூராவும் அடையாளம் வைப்பது, தொழில் என்றால் இவ்வளவுதான் என்று அவர் மற்ற நரிகளுக்கு வகுப்பு எடுப்பார். எச்சில் இலை எழுந்து ஓடாது என்பதை அவரும் யோசிக்கவில்லை, வகுப்பில் இருந்த நரிகளும் யோசிக்கவில்லை.

பிறகு மண்டபத்தை இடித்துவிட்டு கார் ஷோரூம் கட்டினார்கள். காரைத் தின்ன முடியாது. அதனால்தான் காடு.

வடிவுக்கு இது தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். தாய்வீடு நகராட்சிக் குப்பைமேட்டில் இருந்தது. அவளுடைய அண்ணன் கூப்பிட வந்தபோது மாசிலாமணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குட்டி பிறக்கிற அன்றைக்கு என் பெண்டாட்டிக்குக் காட்டுக்கோழிக் கறி போடுவேன், போடாவிட்டால் நானே கூட்டிக்கொண்டு வந்து உங்கள் குப்பைமேட்டில் விடுகிறேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். மச்சான்காரன் சிரித்துவிட்டுப் போனான். ரோஷத்தை விடுங்கள். பிள்ளை பெற்ற நரிக்கு முதல் இரண்டு நாளில் நல்ல கறி உள்ளே போகாவிட்டால் பால் சுரக்காது. பால் இல்லாவிட்டால் குட்டி தங்காது. அது வடிவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். கையில் இருந்ததோ பத்தே நாள்.

முதல் நாள் விடிகாலையிலேயே சேவல் கூவுகிற சத்தம் நன்றாகக் கேட்டது. வடிவு காதை நிமிர்த்தி, பக்கத்தில்தான் இருக்கிறது, ஓடிப்போய் ஒன்றைக் கவ்விக்கொண்டு வாருங்கள் என்றாள். மாசிலாமணி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். தெரியாத காடு. என்ன சட்டம், என்ன வழக்கம் என்று விசாரிக்காமல் கோழியில் வாய் வைப்பதா? படித்த நரி செய்கிற காரியமா அது?

விசாரித்தார். சட்டம் இருக்கத்தான் செய்தது. ஆற்றங்கரைப் புற்றுமேட்டில் வேட்டை உரிம அலுவலகம். அதற்கு எழுத்தர் ஓர் உடும்பு, பெயர் பூதலிங்கம். உடும்புப்பிடி என்பது உங்களுக்குத் தெரியும். இவர் முப்பது வருடமாக ஒரே விதிப்புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அட்டை கிழிந்துபோயிருந்தது, பிடி மட்டும் தளரவில்லை. அந்தக் காட்டு நரிகளெல்லாம் மனுப் போட்டுவிட்டு எட்டு வருடமாக எலியும் நண்டும் தின்று காலம் தள்ளிக்கொண்டிருந்தன.

பூதலிங்கம் நாக்கை நீட்டி மாசிலாமணியை மேலும் கீழும் பார்த்தார். படிவம் பதினேழு, தேக்கிலையில் மூன்று பிரதி என்றார். இரண்டு காதும் தெரிகிற மாதிரி படம் ஒன்று. வேட்டை நிலத்தைப் பற்றிய கள ஆய்வு அறிக்கை ஒன்று. கோழி எந்த மரத்தில் அடைகிறது, எங்கே இறங்குகிறது, எங்கே சருகைக் கிளறுகிறது, எங்கே மண் குளிக்கிறது, எச்சம் என்ன நிறம், எல்லாம் வரைபடத்தோடு வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவர் நேரில் வந்து பார்வையிடுவார். அப்புறம்தான் உரிமம். அதற்கு முன்னால் ஓர் இறகு உதிர்ந்தாலும் குடும்பத்தோடு காட்டைவிட்டு வெளியேற்றம்.

மற்ற நரிகளுக்கு இந்த இடத்தில்தான் தலை சுற்றும். மாசிலாமணிக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஆறு வருடமாகத் தான் செய்துவந்த காரியத்துக்கு ஒரு படிவமே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, இது நமக்காகவே எழுதின சட்டம் வடிவு, என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு படுத்துத் தூங்கினார்.

மறுநாளிலிருந்து ஆய்வு. சும்மா சொல்லக்கூடாது, மனுஷன், மன்னிக்கவும், நரி, அப்படி உழைத்தார். கூவுகிற திக்கைக் குறித்துக்கொண்டு ஆற்றோர மூங்கில் புதருக்குப் போனார். மூங்கிலடியில் எச்சம் கிடந்தது. மேலே பார்த்தால் கோழிகள் அடைகிற கிளை. அடிமரத்தைச் சுற்றிவந்து மோந்தார், அளந்தார், எழுதினார். அப்புறம் காலைத் தூக்கி ஒரு சொட்டு. அடுத்தது வேங்கைமரத்துச் சரிவு. சருகெல்லாம் புதிதாகப் புரட்டிக் கிடந்தது. அதையும் அவர் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு சொட்டு. வண்டிப்பாதை ஓரத்தில் பொடிமண் குழி, கோழிகள் படுத்துப் புரண்டு குளித்த இடம். தானும் படுத்துப் புரண்டு ஆழம் பார்த்துவிட்டு ஒரு சொட்டு. தண்ணீர்த் தொட்டியில் இரண்டு சொட்டு, அது முக்கியமான இடம் என்பதால்.

தடத்தை வைத்தே அவர் ஆட்களை அடையாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மொத்தம் பத்தொன்பது உருப்படி. அதில் ஒரு சேவல். ஒரு கோழிக்கு இடது கால் நடுவிரல் நகம் இல்லை, அதற்கு வரிசை எண் ஏழு. ஏழாம் நம்பர் இன்று கிழக்கே போயிருக்கிறது, ஏழாம் நம்பருக்கு இன்று வயிறு சரியில்லை என்று சாயங்காலம் வந்து வடிவிடம் சொல்வார், ஏதோ சொந்தக்காரப் பெண்ணைப்பற்றிச் சொல்கிற மாதிரி. கோழியைப் பார்த்தீர்களா என்று கேட்டாள் அவள். கோழியை எதற்குப் பார்க்க வேண்டும், தடயம்தான் கிடைத்துவிட்டதே என்றார்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. ஆய்வின் முதல் நாள் கோழி அடைந்த மூங்கிலில் இரண்டாம் நாள் கோழி இல்லை. இரண்டாம் நாள் கிளறின சரிவுக்கு மூன்றாம் நாள் வரவில்லை. அவர் போய் வந்த இடமெல்லாம் மறுநாள் காலியாகக் கிடந்தது. வேறு நரியாக இருந்தால் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கும். மாசிலாமணி, ஆய்வு இன்னும் போதவில்லை என்று முடிவு செய்து, இன்னும் காலையிலேயே கிளம்பினார். கிழக்குப் பாதையில் போய் மேற்குப் பாதையில் திரும்புவார். நாலு நாளில் நாற்பத்தோரு இடம். பாறைப் பொந்தின் முன்வாசலில் வந்து விழுவார். பொந்துக்குப் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் போய் யாராவது ஆய்வு செய்வார்களா? வடிவோ வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தாள். அவளும் எங்கேயும் போகவில்லை.

ஆறாம் நாள் அறிக்கையைக் கொடுக்கப் புற்றுமேட்டுக்குப் போனார். டோக்கன் இருபத்து மூன்று. பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் யாரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார்கள். திரும்பிப் பார்த்தால் காட்டுச்சேவல். கழுத்தில் புள்ளி புள்ளியாகத் தூவல், வளைந்து தொங்குகிற கறுத்த வால். டோக்கன் இருபத்து நான்கு.

பாய்ந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அலுவலக வளாகத்தில் வேட்டை கிடையாது. அது போக, வரிசையில் நிற்கிறவர்களுக்குள் என்ன பகை இருக்க முடியும்? பகையெல்லாம் உள்ளே உட்கார்ந்திருக்கிறவரோடுதான். இரண்டு பேரும் பூதலிங்கத்தின் சாப்பாட்டு இடைவேளையைப்பற்றிக் குறைபட்டுக்கொண்டார்கள். அதிலேயே ஒரு சிநேகம் உண்டாகிவிட்டது.

சேவலின் பெயர் ஆறுமுகநயினார். முகவரி மாற்றத்துக்கு வந்திருந்தது. நயினார் தன் கஷ்டத்தைக் கொட்டித் தீர்த்தது. நாலு நாளாக எந்த இடத்துக்குப் போனாலும் நரி வந்து போயிருக்கிறது. சருகு இடம் மாறிக் கிடக்கிறது. குளிக்கிற குழியில் வேறு யாரோ குளித்திருக்கிறார்கள். பெட்டைகளுக்கு நிம்மதி போய் முட்டை நின்றுவிட்டது. குடும்பத்தோடு எங்காவது போகலாமென்றால், உத்தேசித்துள்ள இடம் என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இதைக் கேட்டு மாசிலாமணிக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் தொழிலைப்பற்றி ஒருவர் இவ்வளவு விவரமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. மனசு குளிர்ந்துபோய், சுருட்டி வைத்திருந்த வரைபடத்தைத் தரையில் விரித்தார். நாற்பத்தோரு புள்ளி. நயினார் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தது. தன் வாழ்க்கை முழுக்க அந்த இலையில் கிடப்பதைப் பார்த்து அதற்கு அங்கேயே பறந்துவிடலாம் போலிருந்தது. ஆனாலும் தலைவனில்லையா, காட்டிக்கொள்ளவில்லை.

"அண்ணாச்சி, இந்தா இந்த எடம் மட்டும் வெறுமையா இருக்கே, அது என்ன?"

மாசிலாமணி குனிந்து பார்த்தார். கிழக்குப் பாதைக்கும் மேற்குப் பாதைக்கும் நடுவில், பாறைக்குப் பின்னால், ஒரு கையகலம் காலி.

"அங்க நான் போகல்ல நயினாரே. நான் போகலைன்னா, போயி பாக்கதுக்கு அங்க ஒண்ணும் இல்லன்னுதான அர்த்தம்."

நரி போகாத இடம். நயினாருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உண்ணிச்செடிப் புதர் ஏதாவது இருக்குமா என்று மட்டும் கேட்டது. இருக்கலாம் என்றார் மாசிலாமணி. கையெழுத்து சரியாக வராத சேவலுக்காக அவரே அந்தக் கட்டத்தை நிரப்பிக் கொடுத்தார். படிவத்தில் ஓர் அடித்தல் திருத்தம் கிடையாது. நயினார் றெக்கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனது. ஒரு கோழிக் குடும்பத்துக்கு வழி செய்துகொடுத்த திருப்தியில் மாசிலாமணிக்குப் பசிகூடக் கொஞ்சம் அடங்கியது. அந்தக் கோழிகளைத்தான் தான் தின்ன வந்திருக்கிறோம் என்பது அவருக்கு ஏழாம் நாள் காலையில்தான் உறைத்தது. சரி, எங்கே போய்விடும், அறிக்கை நம் கையில்தானே இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார்.

அப்புறம் மூன்று நாள் பூதலிங்கத்தோடு நேரடிப் பார்வை. உடும்பு நடக்கிற நடைக்கு நாற்பத்தோரு இடம் என்றால் சும்மாவா? மாசிலாமணி வீட்டுக்குப் போகக்கூட நேரமில்லாமல் பின்னாலேயே அலைந்தார். மூங்கிலில் கோழி இல்லை. சரிவில் இல்லை. தொட்டியில் இல்லை. ஓர் இறகு, ஒரு புது எச்சம், ஒன்றும் இல்லை. எங்கே போனாலும் மாசிலாமணியின் வாடைதான். வடிவின் முகம் கண்ணுக்குள் வந்து வந்து போனது. கடைசி இடத்தையும் பார்த்துவிட்டு, அதற்கு அப்பால் போய் ஒரு எட்டு பார்க்கலாமா ஐயா என்று கெஞ்சினார்.

"படத்துல இல்லாத எடத்துக்கு ஆபீஸ் பொறுப்பில்லவே" என்றார் பூதலிங்கம். "அங்க சட்டமும் இல்ல, நானும் இல்ல."

பத்தாம் நாள் மத்தியானம் உத்தரவு வந்தது. மேற்படி நிலத்தில் கோழி இல்லை என நேரில் பார்வையிட்டு உறுதி செய்யப்பட்டது. கோழி இல்லாதபடியால் ஆட்சேபணை செய்ய எந்தக் கோழியும் இல்லை. ஆட்சேபணை இல்லாதபடியால் மனுதாரருக்குக் கோழி வேட்டை உரிமம் வழங்கப்படுகிறது. அந்தக் காட்டின் சரித்திரத்தில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அதுதான். வரிசையில் இருந்த நரிகளெல்லாம் எழுந்து நின்று வழிவிட்டன.

மாசிலாமணி முத்திரை குத்தின தேக்கிலையை வாயில் கவ்விக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்த இலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வடிவுக்கு வறுத்தா போடுவது? மச்சானிடம் போய் நிற்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. குட்டி பிறந்து அவள் மடி வற்றிக் கிடந்தால் என்ன செய்வது என்று நினைத்தபோது வழியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

பொந்துக்குள் நுழைந்தால் வடிவு சாக்கில் சாய்ந்து படுத்திருந்தாள். வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நாலு குட்டி, கொழுகொழுவென்று, சத்தம் வர உறிஞ்சிக்கொண்டிருந்தன. மடியில் பால் கட்டி நின்றது. வடிவின் முகம் மினுமினுத்தது, கழுத்தில் சதை வைத்திருந்தது. பொந்தின் மூலையில் ஒரு குவியல் இறகு.

அவர் இறகை மோந்து பார்த்தார். குவியலுக்குள் ஒரு கால் கிடந்தது. இடது கால், நடுவிரல் நகம் இல்லை. ஏழாம் நம்பர்.

வடிவு நடந்ததைச் சொன்னாள். ஆறாம் நாள் சாயங்காலம் பாறைக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டிருக்கிறது. பொந்தின் பின்பக்க இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தால் உண்ணிச்செடிப் புதருக்குள் பத்தொன்பது கோழியும் குடிவந்து கூடு போட்டுக்கொண்டிருக்கின்றன. சேவல் முன்னால் நின்று, இந்த இடத்துக்கு நரியே வராது, படம் பார்த்துவிட்டுத்தான் கூட்டிவந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததாம். இவள் எழுந்திருக்கவே இல்லை. இடுக்கில் கழுத்தை நீட்டினாள், அவ்வளவுதான். தினம் ஒன்று.

மாசிலாமணி வெலவெலத்துப்போனார். உரிமம் இன்றைக்குத்தானே வந்தது, அதற்கு முன்னால் தின்றது எல்லாம் குற்றமாயிற்றே, குடும்பத்தோடு வெளியேற்றிவிடுவார்களே என்று புலம்பினார். வடிவு ஒரு குட்டியை நக்கி முடித்துவிட்டு, அந்தப் புதர் உங்கள் படத்தில் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை. அப்புறம் எந்த ஆபீஸ் வந்து கேட்கும்? அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே இன்னொரு துக்கம் பிடித்துக்கொண்டது. பத்து நாள் பட்டினி கிடந்து நாற்பத்தோரு இடம் பார்த்தேன், அத்தனையும் வீண்தானா வடிவு என்று கேட்டார்.

வடிவு அவரைப் பார்த்தாள். மெலிந்து, காது தொங்கி, உரிமத்தைக் கால்விரலில் இடுக்கிக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. ஒரு கோழித்தொடையை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். வீண் இல்லை என்று மட்டும் சொன்னாள்.

தொடை உள்ளே போனதும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. வாயைத் துடைத்துக்கொண்டு, புதுத் தேக்கிலை ஒன்றை எடுத்தார். நாற்பத்திரண்டாவது இடம் விட்டுப்போயிருக்கிறது, பின்பக்கம் போய் ஒரு பார்வை பார்த்து அடையாளம் வைத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று எழுந்தார்.

வடிவு குட்டிகளை உதறிவிட்டு எழுந்து வாசலை மறித்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி நின்றதில்லை.

"ஏங்க, அங்க மட்டும் போயிராதீங்க. மத்த எடமெல்லாம் இன்னொரு தடவ நல்லா பாத்துட்டு வாங்க. ஒங்க அளவுக்கு யாரு பாப்பா?"

அதில் அவருக்கு மனசு நிறைந்துபோயிற்று. மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து அந்தப் பொந்தில் அடுப்பு அணையவில்லை என்று சொல்ல ஆசைதான், நரிக்கு ஏது அடுப்பு. கறிக்குக் குறைவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கதி பெண்நரிகள் வட்டாரத்தில் மெல்லப் பரவியது. அடுத்த மாதம் பக்கத்துப் பள்ளத்திலிருந்து நாச்சியாரம்மாள் என்ற நரி ஒரு நண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தாள். அண்ணன் எங்கள் பக்கமும் வந்து ஆய்வு செய்துதர வேண்டும், காடு பூரா பார்க்கலாம், எங்கள் பொந்துக்குப் பின்னால் இருக்கிற புதரை மட்டும் விட்டுவிடலாம், அங்கே ஒன்றும் இல்லை என்றாள். ஒன்றும் இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்று மாசிலாமணி உடனே ஒப்புக்கொண்டார். அவளுக்கு அடுத்து இன்னொருத்தி. வடிவு டோக்கன் போட ஆரம்பித்தாள். பூதலிங்கம் அவருக்கு முதுநிலைக் கள ஆய்வாளர் என்று பட்டமே கொடுத்துவிட்டார். மச்சான்காரன் குப்பைமேட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து அழுதான்.

ஒருநாள் புற்றுமேட்டு வரிசையில் அவர் நின்றபோது பின்னாலே ஆறுமுகநயினார் வந்து நின்றது. வால் பாதி இல்லை. கூட யாரும் இல்லை. எங்கோ ஒரு சருகுக் குழியில் நாலு பெட்டையை ஒளித்துவைத்துவிட்டு வந்திருக்கிறது. குரல் உடைந்து, அண்ணாச்சி, நீங்க சொன்ன இடம் எங்களுக்கு ராசியில்லை, மறுபடியும் முகவரி மாற்ற வந்தேன் என்றது.

மாசிலாமணிக்கு மெய்யாகவே கண் கலங்கிவிட்டது. தன் ஆய்வை நம்பினவர் ஒருவர் கஷ்டப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பதறிப்போய்ப் புது வரைபடத்தை விரித்தார். இப்போது அதில் முந்நூறு புள்ளி. நயினார் ஒற்றைக் கண்ணால் தேடித் தேடிப் பார்த்தது. பள்ளத்துப் பக்கம் ஒரு கையகலம் காலி.

"இங்க போங்க நயினாரே" என்று அவர் அதில் விரலை வைத்தார். "நான் சத்தியமா அங்க கால் வச்சதில்ல."

நீதி: வீட்டில் ஒரு நிபுணர் இருந்தால் தினமும் வெளியே அனுப்பிவையுங்கள், சாப்பாடு தானாக வீடு தேடி வரும். நீங்கள் கோழியாக இருந்தால் இந்த நீதி உங்களுக்குப் பொருந்தாது, தேக்கிலையில் மூன்று பிரதி எடுத்துத் தனியாக மனுக் கொடுக்கவும்.